மாற்றியாச்சு என்று சொன்ன ஜாயின்ட்

சத்தம் முதலில் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிக்கும்போது மட்டும்தான் வந்தது. எங்கள் இறால் பண்ணையில், கொட்டகைக்கு முன்னால் வண்டியைத் திருப்பும்போது, இடது முன்சக்கரத்துக்குள்ளிருந்து 'டொக், டொக், டொக்' என்று கேட்டது. ஸ்டியரிங்கை நேராக்கியதும் நின்றுவிட்டது. கல் ஏதாவது சிக்கியிருக்கும் என்று இறங்கிக் குனிந்து பார்த்தேன். கல் இல்லை. மறுநாளும் அதே இடத்தில் அதே சத்தம்.

என் வீட்டுக்காரர் குவைத்தில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். பாலைவனத்தில் ஓடுகிற வண்டிகளைப் பிரித்துப் பூட்டுவதுதான் அவருக்கு வேலை. இங்கே மணமேல்குடிக்குக் கிழக்கே, கடல்தண்ணீர் ஏறி இறங்குகிற கழிக்கரை ஓரமாக எங்களுக்கு இரண்டு இறால் குளங்கள். அவர் அனுப்பிய பணத்தில் வெட்டியவை. பார்த்துக்கொள்வது நான். தார் ரோடு முடிந்தபிறகு மூன்று கிலோமீட்டர் களிமண் கரைமேல் போகவேண்டும். மழை பெய்தால் அந்தக் கரையில் மாடுகூடக் கால் வைக்க யோசிக்கும். அதனால்தான் போன லீவில் வந்தபோது, நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கி, அதே கரையில் எனக்கு ஓட்டவும் பழக்கிவிட்டுப் போனார்.

சத்தத்தைப் போனில் பதிந்து அவருக்கு அனுப்பினேன். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டார்.

"நேராப் போறப்ப இல்லல்ல? ஒடிச்சாத்தான கேக்குது?"

"ஆமா மச்சான்."

"அப்ப ஆக்சில் ஜாயின்ட்டுதான். தட்டுறதோட நிக்காது புள்ள, ஒருநாள் ஒடியும். மாத்துற வரைக்கும் நாலு வீலப் போட்டு ஓட்டாத."

முன்சக்கரம் திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். அதற்காக முன் ஆக்சில் தண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் ஓர் இணைப்பில் மடங்கிச் சுற்றுகிறது. அந்த இணைப்பின் நடுவில் கூட்டல் குறி போல ஓர் இரும்புத் துண்டு, அதன் நான்கு முனையிலும் சின்னச் சின்ன பேரிங். உப்புத்தண்ணீர் புகுந்து கிரீஸ் போய்விட்டால் எல்லாம் தேய்ந்து ஆட ஆரம்பிக்கும். கடைத்தெரு மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து விரலால் தடவிக் காட்டினார். விரல் முழுக்கச் செம்பொடி, துரு.

திருச்சியிலிருந்து சாமான் வர நாலு நாள் ஆனது. வந்ததும் மெக்கானிக் போன் போட்டார். "ஒரு நாள் மட்டும் வண்டிய இங்கிட்டு விட்ருங்கக்கா. காலையில விட்டா சாயங்காலம் ஓட்டிட்டுப் போயிரலாம்."

அந்த ஒரு நாள்தான் எனக்குக் கிடைக்கவில்லை. பெரிய குளத்தில் இறால் பிடிக்கத் தேதி குறித்தாகிவிட்டது. ஐஸ் ஏற்றவேண்டும், கூடைகள் கொண்டுபோகவேண்டும், ஆட்களை ஏற்றி இறக்கவேண்டும். பிடித்து முடித்தவுடன் சின்னக் குளத்துக்குத் தீவனம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நாளைக்கு, நாளைக்கு என்று தினமும் சொன்னேன். சாமான் மெக்கானிக் கடைப் பலகையில் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருந்தது.

என் வீட்டுக்காரர் விடவில்லை. தினமும் போனை எடுத்ததும் முதல் கேள்வி, "மாத்துனியா?" பிள்ளை சாப்பிட்டாளா என்பதுகூட அதற்குப் பிறகுதான். ஆறாவது நாள், இடுப்பு ஒடிய வேலை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது போன் வந்தது. நான் சொன்னேன்: "மாத்தியாச்சு மச்சான்."

"சத்தம் போயிருச்சா?"

"போயிருச்சு."

பக்கத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த மாமி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மகனுக்கும் மருமகளுக்கும் நடுவில் எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடி மீனில் குனிந்துகொண்டார்.

பண்ணையில் ஒரு புருஷன் பெண்சாதி காவலுக்கு இருந்தார்கள். ஆவுடையார்கோவில் பக்கத்து ஆட்கள். அவருக்கு அறுபதை ஒட்டிய வயது, நான் அண்ணே என்பேன். அந்த அம்மாவை அக்கா என்பேன். தகரக் கொட்டகையில் சமைத்துச் சாப்பிட்டு அங்கேயே தங்கல். அண்ணனுக்கு இறால்களைவிட ஏரேட்டர் மேல்தான் பிரியம். தண்ணீருக்குக் காற்றுக் கொடுக்கிற அந்த எந்திரம் ஒரு நிமிடம் நின்றாலும் தூக்கத்தில் எழுந்துவிடுவார்.

நான் பொய் சொன்ன நாலாம் நாள் காலை, ஏழரை மணி இருக்கும். நாலு நாளாகவே வானம் வெளுக்கவில்லை. அக்காவிடமிருந்து போன்.

"ஆத்தா, அவுகளப் பூச்சி தீண்டிருச்சு."

பாம்பைப் பாம்பு என்று அந்த அம்மா வாயால் சொல்லமாட்டார்.

"எங்கக்கா? எப்ப?"

"இப்பத்தான். தீவன மூட்டையத் தூக்கக் கைய வச்சாரு. அடியில சுருண்டு கெடந்திருக்கு. மழைக்கு மேட்டத் தேடி வந்திருக்கு ஆத்தா. கை வீங்கிக்கிட்டே வருது."

"என்னதுன்னு பாத்தீங்களா?"

"ஒடம்பு பூரா வட்டம் வட்டமா. கண்ணாடி விரியந்தான்."

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். தார் ரோடு முடிகிற இடம்வரை வருகிறோம், அதற்குமேல் வண்டி வராது, நீங்கள்தான் அதுவரை கொண்டுவரவேண்டும் என்றார்கள். கட்டுப் போடாதீர்கள், நடக்கவிடாதீர்கள், கையை அசைக்காமல் வையுங்கள் என்று சொன்னதை அக்காவுக்குச் சொன்னேன். துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தாராம். அவிழ்க்கச் சொன்னேன். டிராக்டர் வைத்திருந்தவரைக் கூப்பிட்டால், கண்மாய்க் கரை உடைப்புக்கு மண் அடிக்கப் போயிருக்கிறேன், வந்துசேர ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்.

சாவியை எடுத்தேன். மாமி வாசற்படியில் குறுக்கே நின்றார்.

"அந்தச் சாமான் இன்னும் மாத்தலையே. வழியில ஒடிஞ்சா என்னம்மா பண்ணுவ? அவன்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போ."

குவைத்தில் அப்போது விடியற்காலை. தொழுதுவிட்டு வேலைக்குப் போக பஸ்ஸில் ஏறியிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"சரி, போ. ஜாயின்ட்டுதான் மாத்தியாச்சே. ஃபோர் வீலப் போட்டு அடிச்சுப் போ" என்றார்.

"மாத்தல மச்சான்."

"என்னது?"

"மாத்தல. அன்னைக்குச் சும்மா சொன்னேன்."

பஸ் இரைச்சல் மட்டும் கேட்டது. போன் கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"போகாத" என்றார். "டிராக்டருக்குச் சொல்லு."

"சொல்லிட்டேன். ஒரு மணி நேரமாகுமாம்."

"அந்தக் கரையில, களியில, வண்டி மாட்டிக்கிட்டா நீ ஒத்தப் பொம்பள என்ன பண்ணுவ? ஒரு பக்கம் கழி, ஒரு பக்கம் கொளம். சறுக்குனா எங்க போய் விழுவ?"

"அவரு அங்க கெடந்து செத்துருவாரு மச்சான்."

அவர் குரல் மாறியிருந்தது. வீட்டில் பேசுகிற குரல் இல்லை, ஒர்க்‌ஷாப்பில் பேசுகிற குரல்.

"கேளு. தார் ரோடு முடியிற வரைக்கும் முன்சக்கர லாக்கப் போடாத. அங்க எறங்கிப் போடு. பின் டயர்ல பாதிக் காத்தப் பிடுங்கி விடு, பரந்து பிடிக்கும். நேராப் போறப்ப எவ்வளவு வேணும்னாலும் மிதி. ஒடிச்சிருக்கையில மட்டும் மிதிக்காத. ஸ்டியரிங்க பாதிக்கு மேல ஒடிக்காத. வெளங்குதா? கொட்டக முன்னால சரளை போட்டிருக்குல்ல, அங்க லாக்க எடுத்துட்டு டூ வீல்லயே திருப்பு. திருப்பி முடிச்சிட்டு மறுபடி போடு."

"சரி மச்சான்."

"போன எடுக்காம இருக்காத" என்றார்.

தார் முடிகிற இடத்தில் இறங்கினேன். முன்சக்கரங்களின் நடுவில் உள்ளங்கையளவில் ஒரு திருகு இருக்கும். அதை லாக்கில் வைத்தால்தான் இன்ஜினின் இழுவை சக்கரத்துக்குப் போய்ச் சேரும். ஃப்ரீயில் விட்டால் சக்கரம் தன்பாட்டுக்கு உருளும், உள்ளே தண்டு சும்மா கிடக்கும். இரண்டையும் லாக்கில் திருகினேன். குச்சியால் பின் டயர் வால்வுகளை அழுத்திக் காற்றை விட்டேன். முக்காடு நனைந்து முகத்தில் ஒட்டியது. பிஸ்மி சொல்லிக் கியரைப் போட்டேன்.

கரை இருக்கிற இடமே தெரியவில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் பழுப்பாக ஒரு கோடு. வண்டி நேராகப் போகும்வரை ஜாயின்ட் சத்தமே போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சத்தம் வந்தால் எங்கே இருக்கிறது என்று தெரியும். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் ஸ்டியரிங் கையை இழுத்தது. இழுத்த பக்கம் போகவிடாமல், முழுதாக ஒடிக்கவும் செய்யாமல், உள்ளங்கை எரிய எரியப் பிடித்துக்கொண்டேன்.

பாதிக்குமேல் போனால் குளத்துக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற ஷட்டர் மதகு இருக்கும் இடத்தில் கரை சட்டென்று இடதுபுறம் மடங்கும். முழு ஒடிப்பு ஒடித்தால்தான் ஒரே மூச்சில் திரும்பலாம். நான் பாதி ஒடித்து, காலை எடுத்து, உருளவிட்டு, நிறுத்தி, பின்னால் வந்து, மறுபடி பாதி ஒடித்து என்று நாலு தவணையில் திருப்பினேன். ஒவ்வொரு தவணைக்கும் 'டொக்… டொக்' என்று காலுக்கடியில் தட்டியது. ஆனாலும் தாங்கிவிட்டது.

கொட்டகையில் அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார். வலது கை முழங்கைவரை வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. பல்லிடுக்கில் ரத்தம் கசிந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "ஏரேட்டர நிப்பாட்டிராதீங்க தங்கச்சி. கரண்டு போனா ஜெனரேட்டர்ல டீசல் இருக்கு" என்றார்.

"பேசாம வாங்கண்ணே."

சொன்னபடியே லாக்கை எடுத்துவிட்டுச் சரளையில் வண்டியைத் திருப்பினேன். மறுபடி லாக்கைப் போட்டேன். அக்காவும் நானும் அவரைக் கட்டிலோடு தூக்கிவந்து முன்சீட்டில் ஏற்றினோம். நடுவில் அக்கா உட்கார்ந்து அவரைத் தன்மேல் சாய்த்துக்கொண்டார். பின்சக்கரம் மண்ணைப் பிடிக்கப் பாரத்துக்காக நாலு தீவன மூட்டைகளைப் பின்னால் தூக்கிப் போட்டேன். அக்கா ஒவ்வொரு மூட்டையையும் நான் கம்பால் புரட்டிப் பார்த்தபிறகுதான் தொடவிட்டார்.

திரும்பி வரும்போது ஷட்டர் வளைவு வலது பக்கம். போன அரை மணிக்குள் என் சக்கரங்களே அந்த இடத்தைக் கூழாக்கி வைத்திருந்தன. முதல் தவணை பாதி ஒடித்தேன். இரண்டாவது தவணையில் வண்டியின் பின்பகுதி சத்தமில்லாமல் இடது பக்கம், கழியை நோக்கி வழுக்க ஆரம்பித்தது. அக்கா "ஆத்தா!" என்று கத்தினார். என்னையறியாமல் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து ஓங்கி மிதித்தேன். மிதிக்கும்போதே தெரியும், செய்யக்கூடாததைச் செய்கிறேன் என்று.

படார் என்று ஒரு சத்தம். டொக் இல்லை, ஒரே ஒரு படார். ஸ்டியரிங் கையில் இறுகிப்போனது. வண்டி நின்றது.

இறங்கிப் பார்த்தேன். இடது பின்சக்கரத்துக்கும் கரையின் விளிம்புக்கும் நடுவில் ஒரு சாண் மண் இருந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. என் கை முழுக்கக் களி. அக்கா எடுத்து ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் பக்கமாக நீட்டினார்.

"ஒடஞ்சிருச்சு" என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"எடது. ஸ்டியரிங் அசைய மாட்டேங்குது."

"ஒடஞ்ச துண்டு உள்ள சிக்கி நிக்குது. மொதல்ல ரெண்டு பக்கமும் லாக்க ஃப்ரீல திருப்பு. அப்புறம் சக்கரத்துக்குப் பின்னால கைய விட்டுப் பாரு. கம்பி ஏதாச்சும் வச்சு நெம்பு. வெரல விட்றாத."

வலது பக்கத் திருகு திரும்பியது. இடது பக்கம் களி புகுந்து அசையவில்லை. குறடால் பிடித்துத் தொங்கினேன், பிறகு மாறியது. சேற்றில் மல்லாந்து படுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தேன். தண்டின் நுனியில் பிடிப்பு வளையம் போலிருந்த ஒரு காது உடைந்து, கூட்டல் குறித் துண்டு கோணலாகச் செருகி நின்றது. டயர் மாற்றுகிற கம்பியை விட்டு நெம்பினேன். மூன்று தடவை நழுவியது. நான்காவது தடவை அந்தத் துண்டு என் கழுத்தோரம் சேற்றில் வந்து விழுந்தது. எழுந்து ஸ்டியரிங்கைத் திருப்பினேன். திரும்பியது.

இனி பின்சக்கரங்கள் மட்டும்தான். மெதுவாக மிதித்தேன். இரண்டும் இருந்த இடத்திலேயே சுற்றிச் சேற்றை வாரி அடித்தன. மிதித்தால் விளிம்புக்குத்தான் போகும் போலிருந்தது.

அண்ணன் கண்ணை மூடியபடியே ஏதோ முனகினார். அக்கா அவர் வாயருகே காதை வைத்துக் கேட்டுவிட்டு, "வலையங்கிறாரு ஆத்தா. நண்டு வலைய எடுக்கச் சொல்றாரு" என்றார்.

நண்டு குளத்துக்குள் இறங்கினால் இறாலுக்கு நோய் வரும் என்று குளத்தைச் சுற்றிக் கம்பு நட்டு முழங்கால் உயரத்துக்கு நைலான் வலை கட்டியிருப்போம். சின்னக் குளத்தின் வலை அந்த வளைவுவரை வரும். அக்கா அவரைக் கதவோரம் சாய்த்துவைத்துவிட்டு இறங்கினார். இரண்டு பேருமாகக் கம்போடு வலையைப் பிடுங்கி, மடித்து, பின்சக்கரங்களுக்கு முன்னால் திணித்தோம். ஏறி மிதித்தேன். டயர் வலையைக் கவ்வியது. வண்டி பத்தடி முன்னால் போனது.

மறுபடி இறங்கி வலையை உருவி, முன்னால் விரித்து, ஏறி, பத்தடி. மறுபடி. எத்தனை முறை என்று எண்ணவில்லை. அக்காவுக்கு என்னைவிட இருபது வயது அதிகம் இருக்கும். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, விழுந்து எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் வலையை இழுத்தார். ஒரு தடவை மட்டும் கதவைப் பிடித்து நின்று உள்ளே பார்த்து, "இந்தா இருக்கேன், இந்தா இருக்கேன்" என்றார். ஸ்பீக்கரில் என் வீட்டுக்காரர் அப்போதும் இருந்தார். "மெதுவா, மெதுவா, கிளட்ச வெடுக்குன்னு விடாத" என்று அந்தக் குரல் வந்துகொண்டே இருந்தது. பிறகு சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது.

வளைவைத் தாண்டி ஒரு செம்மண் மேடு வந்ததும் டயர் தானாகப் பிடித்தது. அங்கிருந்து ஆம்புலன்ஸின் விளக்கு தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணனின் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து நிறுத்தி வைத்தார்கள். இருபது நிமிஷத்தில் உறையவேண்டுமாம். குழாயைச் சாய்த்தபோது தண்ணீர் மாதிரி ஓடியது. விஷமுறிவு மருந்து ஏற்றி, புதுக்கோட்டைக்கு அனுப்பினார்கள். மூன்று நாள் சிறுநீர் சரியாகப் பிரியாமல் டயாலிசிஸ் வரைக்கும் போனது. நாலாம் நாள்தான் டாக்டர் இனிப் பயமில்லை என்றார். ஆள்காட்டி விரலின் நுனி கறுத்துவிட்டது. அதை எடுத்துவிட்டார்கள்.

அன்று மத்தியானம் அக்காவுக்குச் சோறு கொண்டுபோனேன். வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, கோபமே இல்லாமல் கேட்டார்.

"நீங்க வந்தீக, ஒங்களாலதான் உசுரு தங்குச்சு. அத நான் மறக்க மாட்டேன் ஆத்தா. ஆனா நாலு நாளா மழ ஊத்துது. வண்டி கோளாறுன்னு ஒங்களுக்குத் தெரியும். மொத நாளே எங்களக் கூட்டிட்டு வந்திருக்கலாமுல்ல?"

நான் பாத்திரங்களைக் கூடையில் அடுக்கினேன். இறாலுக்குத் தீவனம் போட ஆள் வேண்டுமே என்றுதான் அவர்களை அங்கேயே விட்டிருந்தேன். அது அந்த அம்மாவுக்கும் தெரியும்.

வண்டியை மெக்கானிக் கட்டி இழுத்துப்போய், உடைந்த தண்டுக்கு வேறு தண்டு தேடிப் போட்டு, பெட்டியில் இருந்த ஜாயின்ட்டையும் மாட்டிவிட்டார். ஜாயின்ட்டை மாட்ட மட்டும் எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டேன். "காலையில விட்டிருந்தா மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சிருக்கும்கா" என்றார்.

என் வீட்டுக்காரர் ஒரு வாரம் பொய்யைப் பற்றிப் பேசவேயில்லை. அண்ணன் எப்படி இருக்கிறார், பிள்ளை படிக்கிறாளா, அவ்வளவுதான். எட்டாம் நாள் நானே தொடங்கினேன்.

"ஏன் கேக்க மாட்டேங்கிறீங்க?"

"என்னத்தக் கேக்க? ஒனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நான் இங்கிட்டு இருந்து என்ன பண்ணியிருப்பேன்னு நெனச்சா, வேலையில கை ஓட மாட்டேங்குது." பிறகு, "ஏன் புள்ள அப்படிச் சொன்ன?" என்றார்.

"தெனம் கேட்டீங்க. ஆமான்னு சொன்னா விட்ருவீங்கன்னு சொன்னேன்."

"இனிமே கேக்க மாட்டேன். நீயாச் சொல்லு" என்றார். அப்படியே இருக்கிறார். அது எனக்குச் சுலபமாக இல்லை. அவர் கேட்கமாட்டார் என்று தெரிந்தபிறகு ஒவ்வொன்றையும் நானே நினைவு வைத்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

வலை இல்லாத பக்கமாக நண்டு இறங்கி, சின்னக் குளத்து இறால் முழுவதும் வெள்ளைப் புள்ளி விழுந்து செத்தது. தை மாதம் அண்ணன் கைக்கட்டோடு வந்து காய்ந்த குளத்தின் கரையில் நின்று பார்த்தார். வேலைக்கு வருகிறேன் என்றார். அக்கா குறுக்கே வந்து, ஐப்பசி, கார்த்திகையில் ராத்தங்க மாட்டோம், சரியென்றால் வருகிறோம் என்றார். சரி என்றேன். இப்போது மழை மாதங்களில் பண்ணையில் யாரும் தங்குவதில்லை. காலையில் அவர்களை நான் ஏற்றிப் போகிறேன், இருட்டுமுன் மூன்று பேரும் திரும்பிவிடுகிறோம். மூட்டையைத் தூக்குமுன் அக்கா கம்பால் தட்டிப் பார்க்கிறார். அண்ணன் ஏரேட்டரை விட்டுவர மனசில்லாமல், இன்னும் அஞ்சு நிமிஷம் என்று தினமும் சொல்கிறார். நாங்கள் இரண்டு பேரும் வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறோம்.